கயிற்றின் மறுமுனை

உலகத்திலேயே மலிவான அறிவுரை எது தெரியுமா? 'பயப்படாதே!'

பைசா செலவில்லை. ஊசி போடும்போது அழுகிற குழந்தையிலிருந்து ஆபரேஷன் தியேட்டருக்குள் போகிற தாத்தா வரை எல்லோருக்கும் தாராளமாகக் கொடுக்கிறோம். கொடுத்துவிட்டு, 'ஒரு டீ அடிச்சிட்டு வந்துடறேன்' என்று கேன்டீன் பக்கம் போய்விடுகிறோம். பயந்த ஆள் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறார், பயத்தோடு.

இந்த வார்த்தையைச் சொல்ல யாருக்கு உரிமை இருக்கிறது? சில நாட்களாக இந்தக் கேள்வி என்னைக் குடைகிறது. கிளப்பிவிட்டது, ஒரு கயிறு.

மதுரையைச் சமவெளி ஊர் என்பார்கள். எந்த மொட்டை மாடியிலாவது ஏறி நின்று ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். வடகிழக்கே யானைமலை படுத்திருக்கும். மேற்கே நாகமலை நீண்டு கிடக்கும். தென்மேற்கே திருப்பரங்குன்றம், வடக்கே அழகர்மலை. வயலும் கண்மாயுமாகத் தட்டையாகப் போய்க்கொண்டிருக்கிற பூமி, திடீரென்று ஒரே கல்லாக எழுந்து நிற்கும். இரண்டாயிரம் வருஷங்களுக்கு முன்பே இந்தப் பாறைக் குகைகளில் கல்படுக்கை வெட்டித் தங்கியிருக்கிறார்கள் சமணத் துறவிகள். நமக்கோ இவையெல்லாம் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்துக் கும்பிட்டுக்கொள்கிற மலைகள். ஏறுவதென்றால் படிக்கட்டு இருக்கவேண்டும், அதற்குக் கைப்பிடியும் இருக்கவேண்டும்.

உயரம் என்றால் எனக்கும் ஆகாது. மேம்பாலத்தில் நடந்தால்கூட ஓரத்தை விட்டு நாலடி தள்ளி நடக்கிற ரகம். அப்படிப்பட்டவர்களுக்கென்றே ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி இருப்பதாகக் கேள்விப்பட்டு, ஊருக்கு வெளியே ஒரு கரட்டுக்குப் போனேன். சிற்பமும் கல்வெட்டும் இருக்கிற பாறை கிடையாது; அங்கெல்லாம் இந்த வேலை கூடாது. இது வெறும் மொட்டைப் பாறை. பாங்க் ஊழியர், ஜவுளிக்கடைக்காரர், கல்லூரி ஆசிரியை என்று பத்துப் பன்னிரண்டு பேர். எல்லோருக்கும் ஒரே வியாதி. இரண்டாவது மாடி பால்கனியில் நின்றால் காலில் பூச்சி ஊரும்.

கயிற்றைக் கட்டிக்கொண்டு செங்குத்துப் பாறையில் பின்பக்கமாக இறங்குகிற வித்தைக்கு 'ராப்பெல்லிங்' என்று பெயர். பிரெஞ்சு வார்த்தை. திரும்ப அழைப்பது என்று அர்த்தம். இறங்கி முடித்ததும் கயிற்றின் ஒரு முனையை இழுத்தால் முழுக் கயிறும் கீழே நம்மிடம் வந்துவிடும், அதனால் அந்தப் பெயர். 1870-களில் ஆல்ப்ஸ் மலையில், பெட்டி ட்ரூ என்ற ஊசிச் சிகரத்தோடு மல்லுக்கட்டிய ழான் ஷார்லே-ஸ்ட்ராடன் என்ற மலை வழிகாட்டி கண்டுபிடித்த முறை என்று சொல்கிறார்கள். தனியாக ஏறப்போனவர், தனியாகவே இறங்கவேண்டிய நிலைமை. தேவைதான் வாத்தியார்.

உடனே மலையிலிருந்து தொங்கவிடுவார்கள் என்று நினைத்து நடுங்கிக்கொண்டு போனால், ஏமாற்றம். பாதி நாள் வரைக்கும் விளிம்புப் பக்கமே யாரையும் விடவில்லை. தரையில் உட்காரவைத்து முடிச்சுப் போடச் சொன்னார்கள். போட்ட முடிச்சைப் பிரித்து மறுபடி போடச் சொன்னார்கள். அப்புறம் 'ஆங்கர்'. நம்ம பாஷையில் பிடிமானம். கயிற்றின் மேல்முனையை எதில் கட்டுவது, எப்படிக் கட்டுவது என்கிற பாடம்.

பி.காம். படித்தவனுக்கு இந்தப் பாடம் சட்டென்று புரிந்துவிட்டது. ஏனென்றால் இது சாட்சாத் ஜாமீன் கையெழுத்து சமாச்சாரம்.

முதல் விதி: ஆள் கெட்டியா என்று பார். மரமென்றால் வேரோடு நிற்கிறதா, பட்டுப்போனதா? பாறையென்றால் மலையோடு சேர்ந்ததா, சும்மா மேலே உட்கார்ந்திருக்கிற உருண்டையா? பார்க்க யானை மாதிரி இருக்கும், தள்ளினால் ஆடும். கடன் கேட்கும்போது ஜாமீன் போட வருகிற சில உறவினர்களை நினைத்துக்கொண்டேன்.

இரண்டாவது விதி: எவ்வளவு கெட்டியானாலும் ஒன்றை மட்டும் நம்பாதே. குறைந்தது இரண்டு. ஒன்று விட்டாலும் மற்றொன்று தாங்கவேண்டும். ஒன்று விடும்போது, அடுத்ததில் திடீரென்று வெட்டி இழுக்காத மாதிரியும் கட்டியிருக்கவேண்டும். இத்தனைக்கும் அந்த இரும்பு வளையம் ஒவ்வொன்றும் சுமார் 2 டன் இழுவை தாங்கும். இறங்கப்போகிற ஆள் 70 கிலோ.

மூன்றாவது விதிதான் என்னை அசத்திவிட்டது. இரண்டு பிடிமானத்திலிருந்து வருகிற கயிறுகளும் ஒரு புள்ளியில் சேர்கின்றன இல்லையா, அந்த இரண்டு கயிற்றுக்கும் நடுவில் உள்ள கோணம் குறுகலாக இருக்கவேண்டும். 60 டிகிரி இருந்தால், 70 கிலோ ஆளுக்கு ஒவ்வொரு பிடிமானமும் சுமார் 40 கிலோ தாங்கினால் போதும். 120 டிகிரிக்கு விரித்துக் கட்டினால், இரண்டு பேர் இருந்தும் ஆளுக்கு முழு 70 கிலோ. 150 டிகிரிக்குப் போனால் ஒவ்வொன்றின் மேலும் சுமார் 135 கிலோ! துணைக்கு இரண்டு பேர் இருந்தால் போதாது. ஆளுக்கொரு பக்கம் இழுத்தால், இல்லாத பாரமும் வந்து சேரும். அம்மா ஒரு பக்கமும் அப்பா ஒரு பக்கமுமாகப் பிடித்து இழுக்கிற வீட்டில் ப்ளஸ் டூ படிக்கிற பிள்ளையைக் கேளுங்கள், கோணக் கணக்கு சொல்லும்.

மத்தியானத்துக்கு மேல் விளிம்பு.

முதல் காலடிதான் எல்லாம். பள்ளத்துக்கு முதுகைக் காட்டி நிற்கிறோம். கயிற்றில் உட்காருகிற மாதிரி பின்னால் சாயவேண்டும். உடம்பு ஒத்துக்கொள்வதில்லை. பாறையை இறுக்கிக் கட்டிப்பிடித்துக்கொள் என்கிறது. அங்கேதான் சூட்சுமம். பாறையோடு ஒட்டினால் பாதம் வழுக்கும். பின்னால் சாய்ந்து, பாதம் முழுசாகப் பாறையில் பதிந்தால்தான் நிற்க முடியும். அதற்கு, முழு எடையையும் கயிற்றுக்குக் கொடுத்தாக வேண்டும். பாதி நம்பிக்கை வைத்தால் பாதியில் வழுக்கும்.

இறங்கினேன். பயம் போய்விட்டதா என்று கேட்கிறீர்களா? இல்லை. இறங்கி முடிக்கும் வரை கூடவே இருந்தது. ஆனால் அது கேட்டுக்கொண்டிருந்த கேள்விக்குப் பதில் கிடைத்திருந்தது. 'உன் பாரம் எதன் மேல் நிற்கிறது?' என்று கேட்டது பயம். இந்த மரம், அந்தப் பாறை, இந்த இரண்டு முடிச்சு, மேலே தனிக் கயிற்றைப் பிடித்து நிற்கிற இந்த மனிதர் என்று ஒவ்வொன்றாகக் காட்ட முடிந்தது. கணக்கைத் தணிக்கை செய்ய வருகிற ஆடிட்டர் மாதிரிதான் பயமும். வவுச்சரை எடுத்துக் காட்டினால் கையெழுத்துப் போட்டுவிடுவார். அவரைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவைப்பது திறமை ஆகாது.

பழகப் பழகப் பயம் தணியும் என்பதும் உண்மைதான். ஜெர்மன் மகாகவி கதே, மாணவராக இருந்தபோது உயரத்துக்குப் பயந்தவர். 1770-71-ல் ஸ்ட்ராஸ்பர்க்கில் படிக்கும்போது, அந்த ஊர் தேவாலயக் கோபுரத்தின் உச்சிக்கு மறுபடி மறுபடி ஏறி, சின்ன மேடையில் நின்று நின்றே பயத்தைத் தணித்துக்கொண்டதாகத் தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். அது 142 மீட்டர். அந்தக் காலத்தில் உலகத்திலேயே உயரமான கட்டடம். நம் மீனாட்சியம்மன் கோயில் தெற்குக் கோபுரம் சுமார் 52 மீட்டர் என்பதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். இன்றைக்கு மனநல மருத்துவர்கள் தருகிற சிகிச்சையின் அடிப்படையும் இதுதான். படிப்படியாக, கொஞ்சம் கொஞ்சமாக.

கதே நின்ற மேடை கெட்டியானது என்பதைக் கவனிக்கவேண்டும். ஆடுகிற பலகையில் நின்று பழகியிருந்தால் அதற்குப் பெயர் சிகிச்சை இல்லை.

வள்ளுவர் இந்த விஷயத்தில் ரொம்பத் தெளிவு. அஞ்சவேண்டியதற்கு அஞ்சாமல் இருப்பது முட்டாள்தனம் என்கிறார். இதை அவர் வைத்திருக்கிற இடத்தைப் பாருங்கள். படை, வீரம் பற்றிய அதிகாரங்களில் இல்லை. அறிவுடைமை அதிகாரத்தில் வைத்திருக்கிறார். கிரேக்கத்து அரிஸ்டாட்டிலும் தைரியத்தை, கோழைத்தனத்துக்கும் முரட்டுத்தனத்துக்கும் நடுவில்தான் உட்காரவைத்தார். எதற்குமே பயப்படாதவன் இரண்டு பேர் கணக்கிலும் தைரியசாலி இல்லை.

சரி, தைரியம் எங்கிருந்து வருகிறது? உள்ளேயிருந்துதான் என்று சுயமுன்னேற்றப் புத்தகங்கள் சொல்லும். பச்சைக் குழந்தைகளைக் கேட்டால் வேறு பதில் வருகிறது.

1960-ல் எலினார் கிப்ஸன், ரிச்சர்ட் வாக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு மேஜை செய்தார்கள். மேலே முழுக்கக் கெட்டிக் கண்ணாடி. ஒரு பாதியில் கண்ணாடிக்கு நேர் கீழே தரை தெரியும். மறுபாதியில் ஆழமான பள்ளம் தெரியும். தவழ்கிற குழந்தைகளை அதில் விட்டார்கள். பள்ளம் தெரிகிற பக்கம் போக, பெரும்பாலான குழந்தைகள் மறுத்துவிட்டன. 1985-ல் வேறொரு குழு பள்ளத்தின் ஆழத்தைக் குறைத்து, ஒரு வயதுக் குழந்தைகளை வைத்துப் பார்த்தது. எதிர்ப்பக்கம் அம்மா நின்றார். சந்தோஷமான முகத்தோடு அம்மா நின்றபோது 19 குழந்தைகளில் 14 அந்தப் பக்கம் கடந்து போயின. பயந்த முகத்தோடு நின்றபோது 17 குழந்தைகளில் ஒன்றுகூடப் போகவில்லை.

மேஜை ஒன்று. கண்ணாடி ஒன்று. மாறியது அம்மாவின் முகம் மட்டும்தான். தைரியம் என்பது முதலில் கடன் வாங்கப்படுகிற சரக்கு. அப்புறம்தான் சொந்த முதல்.

ஒரு விஷயத்தை மறந்துவிடக் கூடாது. அந்த அம்மா பொய் சொல்லவில்லை. கண்ணாடி நிஜமாகவே கெட்டிக் கண்ணாடி. கண்ணாடி இல்லாத மேஜைக்கு எதிர்ப்பக்கம் நின்றுகொண்டு அதே மாதிரி சிரித்தால், அதற்கு என்ன பெயர்?

யாருடைய முகத்தை நம்புவது என்பதை மலைவாசிகள் எப்போதோ யோசித்துவிட்டார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையில், செங்குத்துப் பாறையில் கட்டியிருக்கிற மலைத்தேன் அடைக்குக் கொடியைக் கட்டி இறங்குகிற பழங்குடியினர் உண்டு. அவர்களில் சிலரிடம் ஒரு வழக்கம் பதிவாகியிருக்கிறது. மேலே கயிற்றுக்குக் காவல் நிற்பவர், இறங்குகிறவரின் மனைவியோடு கூடப்பிறந்தவராக இருக்கவேண்டும். மச்சான்தான் நிற்கவேண்டும், பங்காளி கூடாது. காரணமும் சொல்கிறார்கள். கூடப்பிறந்தவள் விதவையாவதை எந்த மச்சானும் விரும்பமாட்டான். மனித மனசைப் பற்றி இதைவிடச் சுருக்கமாக யாராவது எழுதியிருக்கிறார்களா என்ன! கயிறு அறுந்தால் யாருக்கு நஷ்டமோ, அவர் கையில் கயிற்றைக் கொடு.

2006-ல் கொடைக்கானல் குணா குகையில் நடந்ததும் இதே கணக்குதான். கேரளாவின் மஞ்ஞும்மலிலிருந்து சுற்றுலா வந்த நண்பர்களில் சுபாஷ் என்பவர் ஆழமான குழிக்குள் விழுந்துவிட்டார். விழுந்தவர் திரும்பியதில்லை என்று ஊரே சொன்ன குழி. உள்ளே இறங்கியது அவருடைய நண்பர் சிஜு டேவிட். கயிற்றைப் பிடித்துக் காத்திருந்தவர்களில் மற்ற நண்பர்களும் இருந்தார்கள். இரண்டு பேரும் உயிரோடு மேலே வந்தார்கள். சிஜுவுக்கு அப்புறம் ஜீவன் ரக்ஷா பதக்கம் கிடைத்தது. 2024-ல் அந்தக் கதை சினிமாவாகி, தமிழ்நாட்டுத் தியேட்டர்களிலும் சக்கைப்போடு போட்டது. இறங்கியவருக்குப் பதக்கம் கொடுத்தது நியாயம். மேலே விடாமல் பிடித்திருந்த கைகளும் நியாயமாக அதில் பங்கு கேட்கலாம்.

இதுவரைக்கும் சுகமான கதை. இனிமேல்தான் உறுத்தல்.

கரட்டிலிருந்து திரும்பிய அடுத்த வாரம், கண் தானாகவே மேலே பார்க்க ஆரம்பித்துவிட்டது. மதுரையில் எந்தத் தெருவிலும் பார்க்கலாம். நாலு மாடி அடுக்ககத்தின் வெளிச்சுவரில் பெயின்ட் அடித்துக்கொண்டிருப்பார் ஒருவர். மொட்டை மாடித் தண்ணீர்க் குழாயில் கட்டின ஒற்றைக் கயிறு. அதில் தொங்குகிற ஒரு பலகை. பக்கத்தில் பெயின்ட் வாளி. தலையில் துண்டு. ஹெல்மெட் எங்கே? கீழே நிற்கிற அவருடைய பைக்கில் தொங்கிக்கொண்டிருக்கும்.

அந்தக் குழாய் எத்தனை கிலோ தாங்கும்? இரண்டாவது பிடிமானம் எங்கே? கோணம் என்ன? யாரும் கேட்பதில்லை. கேட்டால் ஒரே பதில்தான். 'அவங்களுக்கெல்லாம் பயமே கிடையாது சார், பழகிப்போச்சு.'

யோசித்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்காகப் பணம் கட்டி இறங்குகிற எனக்கு இரண்டு பிடிமானம், ஹெல்மெட், இடுப்பில் வார்ப்பட்டை, மேலே ஒருவர், கீழே ஒருவர். வயிற்றுப்பாட்டுக்காக வாரத்தில் ஆறு நாள் தொங்குகிறவருக்கு ஒற்றைக் கயிறு. என் பயத்துக்குப் பயிற்சி வகுப்பு. அவர் பயத்துக்குப் 'பழகிப்போச்சு'. சோழவந்தான் பக்கம் தென்னை ஏறுகிறவரைப் பற்றியும் இதையே சொல்கிறோம். குடமுழுக்குக்காகக் கோபுரத்தில் சவுக்குக் கம்பும் கயிறுமாகச் சாரம் கட்டுகிறவரைப் பற்றியும் இதையே சொல்கிறோம். பழகிப்போனது அவருக்கா, பார்த்துக்கொண்டிருக்கிற நமக்கா?

உலகத்தின் உச்சியிலும் இதே கதைதான். விருதுநகர் மாவட்டத்துக்காரரான முத்தமிழ்ச்செல்வி 2023 மே மாதம் எவரெஸ்ட்டைத் தொட்டபோது தமிழ்நாடே கைதட்டியது. தட்டவேண்டிய சாதனைதான். எவரெஸ்ட்டுக்கு வழக்கமான பாதையில் போகிற எல்லோரும் பிடித்துக்கொண்டு ஏறுகிற கயிறுகளை, ஒவ்வொரு சீசனும் முன்கூட்டியே போய்க் கட்டிவைப்பவர்கள் ஷெர்பாக்கள். 2014 ஏப்ரல் 18-ல் கும்பு பனியருவியில் பனிச்சரிவு விழுந்து இறந்த 16 பேருமே அங்கே வேலை செய்துகொண்டிருந்த நேபாளத் தொழிலாளர்கள். பெரும்பாலும் ஷெர்பாக்கள்.

'பெல்ட் கொடுத்தால்கூட அவங்க போட்டுக்கிறதில்லை சார்' என்று காண்ட்ராக்டர்கள் சொல்வார்கள். பொய் என்று சொல்லமாட்டேன். வணிகவியல் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தால் காரணம் தெரியும். சதுர அடிக் கணக்கில் கூலி. பெல்ட்டை மாட்டி, கயிற்றைச் சரிபார்த்து, ஒவ்வொரு தடவை நகரும்போதும் கழற்றி மாட்டுகிற நேரமெல்லாம் யார் கணக்கில் கழிகிறது? அவர் கணக்கில். பாதுகாப்புக்கு ஆகிற செலவு அவருடையது. அது இல்லாததால் ரேட் குறைகிறதே, அந்த லாபம் நம்முடையது. கொட்டேஷனில் எங்கேயும் எழுதாத தள்ளுபடி ஒன்று இருக்கிறது. அதை அவருடைய தைரியத்திலிருந்து எடுத்துக்கொள்கிறோம்.

சட்டம் இல்லாமலில்லை. கட்டடத் தொழிலாளர்களுக்கென்றே 1996-ல் நாடாளுமன்றம் தனிச் சட்டம் போட்டது. 1998-ல் வந்த விதிகளில் பாதுகாப்பு பெல்ட், உயிர்காப்புக் கயிறு எல்லாம் விலாவாரியாக இடம்பெற்றிருந்தன. உயரத்தில் வேலை செய்கிறவரின் பயம் நியாயமானது என்று அரசாங்கமே எழுத்தில் ஒப்புக்கொண்ட மாதிரி. நாம்தான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.

பெயின்டரோடு நிற்கிற விஷயமும் இல்லை இது. ஆபீஸில் மேலதிகாரி தப்பாக நடந்துகொள்கிறார் என்று ஒரு பெண் சொன்னால், 'தைரியமா கம்ப்ளெய்ன்ட் கொடும்மா' என்கிறோம். கொடுத்தபிறகு வேலை போனால் யார் தாங்குவது? சொந்தத் தொழில் ஆரம்பிக்கிற பையனிடம் 'துணிஞ்சு இறங்குடா' என்கிறோம். முதல் வருஷம் நஷ்டம் வந்தால் வீட்டில் அவனுக்குச் சோறு உண்டா, குத்தல் பேச்சு உண்டா? அவர்கள் கோழைகள் இல்லை. எங்கள் பாரம் எதன் மேல் நிற்கும் என்று கேட்கிறார்கள். நாம் பதில் சொல்லாமல், பயப்படாதே என்கிறோம்.

'எது ஆனாலும் நம்ம வீட்டுக் கதவு திறந்திருக்கும், வா' என்று சொல்கிற அப்பா, பயப்படாதே என்ற வார்த்தையைச் சொல்லவேண்டிய அவசியமே இல்லை. அவர் கயிற்றைக் கட்டிவிட்டார். 'சாட்சி சொல்ல நான் வர்றேன்' என்று கூட நிற்கிற சக ஊழியர் இரண்டாவது பிடிமானம்.

அதற்காகக் கயிற்றை இறுக்கியே வைத்திருப்பதும் உதவி இல்லை. மேலே பிடித்திருப்பவர் ரொம்ப ஜாக்கிரதையாக இழுத்துப் பிடித்தால், இறங்குகிறவர் நடுவானில் அப்படியே தொங்குவார். மேலேயும் வரமுடியாது, கீழேயும் போகமுடியாது. பாசமுள்ள பல வீடுகளில் முப்பது வயதுப் பிள்ளைகள் இப்படித் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள். காலடியை அவர்தான் எடுத்துவைக்கவேண்டும். கயிற்றை அளவாக விட்டுக்கொடுப்பதும், வழுக்கினால் பிடிப்பதும்தான் மேலே இருப்பவர் வேலை.

ஆக, முதலில் கேட்ட கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இதுதான். இன்னொருவரிடம் பயப்படாதே என்று சொல்ல, கயிற்றின் மறுமுனையைக் கையில் வைத்திருப்பவருக்குத்தான் உரிமை. அவர் வழுக்கினால் நமக்கும் கை எரியவேண்டும். எரியாத கைக்கு அந்த வார்த்தை கடன்.

பொங்கலுக்கோ தீபாவளிக்கோ வீட்டுக்குப் பெயின்ட் அடிக்க ஆள் கூப்பிடுவீர்கள். சதுர அடிக்கு எவ்வளவு என்று கேட்கிற கையோடு, கயிறு எத்தனை, எதில் கட்டப்போகிறீர்கள், பெல்ட் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அதற்கு ஆகிற நேரத்தையும் கூலியில் சேர்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். ரேட் கொஞ்சம் ஏறும். ஏறட்டும். மொட்டை மாடிக்குப் போய், அந்தக் குழாயை ஒரு தடவை உங்கள் கையாலேயே ஆட்டிப் பாருங்கள்.